பேராதனையில் மேற்படிப்பு: உதவித்தொகை விண்ணப்பம் முதல் போர்டிங் அறை வரை

நான் செய்த பெரிய பிழை, அறையை முதலில் பிடித்ததுதான். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் என் ஆய்வுக்கு மேற்பார்வையாளராக வர ஒருவர் சம்மதித்த அந்த வாரமே ஹட்டனில் பஸ் ஏறி வந்து, கலஹா ரோட்டில் ஓர் அறை பார்த்து, ஆறு மாத முற்பணத்தைக் கட்டிவிட்டேன். அப்பா தோட்ட வேலையில் ஓய்வுபெற்றபோது கிடைத்த சேமலாப நிதியிலிருந்து எடுத்த காசு அது. ஆய்வுப் பணம் வந்து சேர எட்டு மாதம் ஆனது. அதற்குள் முற்பணமும் கரைந்து, அறையையும் விட்டு, மறுபடி தோட்டத்து வரிசை வீடான லயத்துக்கே பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனேன்.

அதற்குப் பிறகு எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் பலரோடு இதே வழியில் நடந்திருக்கிறேன். திறமையில் யாரும் குறைந்தவர்கள் இல்லை, ஆனால் ஒழுங்கு தெரியாமல் எல்லோரும் ஒரே இடத்தில்தான் இடறுகிறார்கள். ஆவணம், மேற்பார்வையாளர், காசு, பதிவு, கடைசியில் அறை. இந்த வரிசையை மாற்றாதீர்கள். ஒவ்வொன்றும் ஏன் அந்த இடத்தில் வருகிறது என்பதைக் கீழே சொல்கிறேன்.

1. முதலில் பெயரையும் முகவரியையும் சரிசெய்யுங்கள்

தோட்டத்தில் பிறந்த பிள்ளைகளுக்கு இதுதான் முதல் தடை. பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், அடையாள அட்டையில் இன்னொன்று, உயர்தரச் சான்றிதழில் முதலெழுத்து மட்டும், பட்டச் சான்றிதழில் அப்பாவின் பெயர் வேறு எழுத்துக்கூட்டலில். பெரியசாமி என்ற பெயரை ஆங்கிலத்தில் நான்கு விதமாக எழுதலாம், நான்கு அலுவலகத்தில் நான்கு விதமாகவும் எழுதி வைத்திருப்பார்கள்.

எல்லா ஆவணங்களையும் மேசையில் பரப்பி, ஒரு தாளில் ஒவ்வொன்றிலும் பெயர் எப்படி இருக்கிறது என்று எழுத்தெழுத்தாக எழுதிப் பாருங்கள். சின்ன வித்தியாசம் என்றால், இரண்டு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்று சமாதான நீதவான் முன் ஒரு சத்தியக்கடதாசி முடித்து வைத்துக்கொள்ளலாம். பெரிய வித்தியாசம் என்றால் பிரதேச செயலகத்தில் பிறப்புப் பதிவைத் திருத்த விண்ணப்பிக்க வேண்டும். அது மாதக்கணக்கில் இழுக்கும், அதனால்தான் இதை முதலாவதாக வைத்தேன். வெளிநாட்டு எண்ணம் இருந்தால் பாஸ்போர்ட் எடுப்பதற்கு முன்பே இதை முடித்துவிடுங்கள். பாஸ்போர்ட்டில் ஏறிய பெயர்தான் பிறகு எல்லாப் படிவத்திலும் உங்களைத் தொடரும்.

அடுத்தது முகவரி. லயத்து முகவரிக்கு வரும் கடிதம் பல இடங்களில் இன்னமும் தோட்ட அலுவலகத்தில் போய்த்தான் விழுகிறது, யாராவது அந்தப் பக்கம் போனால் எடுத்து வருவார்கள். எனக்கு வந்த நேர்முகத் தேர்வுக் கடிதம் ஒன்று ஓர் அலுவலக மேசையில் பதினொரு நாள் கிடந்தது. கைக்கு வந்தபோது தேர்வு முடிந்திருந்தது. டவுனில் கடை வைத்திருக்கும் மாமா, படித்த பாடசாலை, தெரிந்த ஆசிரியரின் வீடு என்று உறுதியான ஒரு முகவரியை அவர்களிடம் கேட்டுவிட்டு எல்லா விண்ணப்பத்திலும் அதையே போடுங்கள்.

இவற்றோடு பட்டச் சான்றிதழ், பெறுபேற்றுப் பத்திரம், பிறப்புச் சான்றிதழின் ஆங்கில மொழிபெயர்ப்பு ஆகியவற்றை ஸ்கேன் செய்து போனிலும் மின்னஞ்சலிலும் வையுங்கள். மொழிபெயர்ப்பைச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம்தான் செய்ய வேண்டும், நண்பர் செய்து தந்தது செல்லாது.

2. எந்தப் பட்டம், எந்த வாசல்

பேராதனையில் மேற்படிப்பு ஒரே கதவால் நடப்பதில்லை. விஞ்ஞானம், விவசாயம், மானிடவியல் மற்றும் சமூக விஞ்ஞானம் ஆகியவற்றுக்குத் தனித்தனிப் பட்டப்பின் படிப்பு நிறுவகங்கள் உண்டு. பொறியியல் போன்றவற்றில் அந்தந்தப் பீடத்தோடுதான் கதைக்க வேண்டும். தவறான அலுவலகத்தில் படிவம் வாங்கி நிரப்பி ஒரு மாதத்தை இழந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

பட்டங்களைத் தரப்படுத்தும் இலங்கைத் தகைமைக் கட்டமைப்பில் பாடநெறி மட்டும் உள்ள முதுமாணி 9ஆம் மட்டம், 30 திறமை அலகுகள். ஆய்வும் சேர்ந்த முதுமாணி 10ஆம் மட்டம், 60 அலகுகள். முதுதத்துவமாணி (எம்.பில்) 11ஆம் மட்டம், முழுநேரமாகக் குறைந்தது 2 வருடம். கலாநிதிப் பட்டம் 12ஆம் மட்டம், குறைந்தது 3 வருடம். நடைமுறையில் எல்லாமே இன்னும் இழுபடும். 3 வருடப் பொதுப் பட்டம் உள்ளவர்கள் நேராக முதுதத்துவமாணிக்குப் போகலாம் என்று நினைத்துவிடாமல், இடையில் என்ன படி வேண்டும் என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கவுன்டரில் வாயால் சொன்னது அடுத்த மாதம் இன்னொருவர் அந்தக் கதிரையில் இருக்கும்போது மாறிவிடும்.

புதியவர்கள் பலர் எதிர்பார்க்காத ஒன்று, இங்கே காசு கட்ட வேண்டும் என்பது. இலவசக் கல்வியும் மகாபொல உதவித்தொகையும் முதல் பட்டத்தோடு நின்றுவிடுகின்றன. பதிவுக் கட்டணம், வருடாந்தக் கட்டணம், கடைசியில் ஆய்வேட்டுப் பரீட்சைக் கட்டணம் எல்லாம் உண்டு. முழுத்தொகையையும் தவணைத் திகதிகளையும் முதலே வாங்கி எழுதிக்கொள்ளுங்கள், 5ஆம் படியில் அது தேவைப்படும்.

3. மேற்பார்வையாளரைப் பிடிப்பது

காசுக்கு முன் இவர் ஏன் வருகிறார் என்றால், நம் நாட்டில் ஆய்வுக் காசின் பெரும்பகுதி மேற்பார்வையாளரின் திட்டம் வழியாகத்தான் மாணவரின் கைக்கு வருகிறது. தனியாகக் கிடைக்கும் உதவித்தொகைக்கும் அவருடைய கடிதம் கேட்பார்கள்.

முதல் மின்னஞ்சல் சின்னதாக இருக்கட்டும். நீங்கள் யார், என்ன படித்தீர்கள், அவருடைய எந்த வேலையை வாசித்தீர்கள், அதிலிருந்து எந்தக் கேள்வி உங்களுக்கு வந்தது. பத்து வரி போதும். “மதிப்புக்குரிய ஐயா, எந்தத் தலைப்பானாலும் செய்யத் தயார்” என்று எழுதுவதைப் பணிவு என்று நம் பிள்ளைகள் நினைக்கிறார்கள், வாசிப்பவருக்கோ இவருக்குச் சொந்தமாக ஒரு கேள்வியும் இல்லை என்றுதான் படும். பதில் வராவிட்டால் இரண்டு வாரம் கழித்து இன்னொரு முறை எழுதுங்கள், அப்புறம் நேரில் போங்கள்.

நேரில் சந்திக்கும்போது வெட்கப்படாமல் கேட்க வேண்டிய கேள்விகள் சில உண்டு. உங்களிடம் இப்போது திட்டப் பணம் இருக்கிறதா, அது எப்போது முடிகிறது, அதில் ஆய்வு உதவியாளருக்குச் சம்பளம் ஒதுக்கியிருக்கிறீர்களா, அடுத்த இரண்டு வருடத்தில் நீண்ட விடுமுறையில் வெளிநாடு போகும் எண்ணம் இருக்கிறதா. இவற்றுள் இரண்டாவதை யாரும் கேட்பதில்லை. மூன்று வருடத் திட்டத்தில் ஏற்கெனவே ஒன்றரை வருடம் போயிருந்தால் உங்களுக்குச் சம்பளம் ஒன்றரை வருடம்தான். பட்டம் முடியும் திகதியும் காசு முடியும் திகதியும் வேறு வேறு என்பதை முதல் நாளே தெரிந்துகொள்வது நல்லது.

4. காசு வரும் வழிகள்

முதல் வழி மேலே சொன்ன திட்டப் பணம். தேசிய விஞ்ஞான மன்றம், தேசிய ஆராய்ச்சிச் சபை போன்றவை ஆய்வாளர்களுக்குக் கொடுக்கும் நிதியில் உதவியாளர்களை எடுப்பார்கள். விளம்பரம் பத்திரிகையிலும் இணையத்தளத்திலும் வரும், ஆனால் துறையில் இருப்பவர்களுக்கு முன்பே தெரிந்திருக்கும். அதனால்தான் துறைக்குப் போய் முகம் காட்டி வையுங்கள் என்கிறேன்.

இரண்டாவது, ஆய்வு நிறுவகங்கள். விஞ்ஞானம் படித்தவர்கள் கண்டி ஹந்தானை வீதியிலுள்ள தேசிய அடிப்படைக் கற்கைகள் நிறுவகத்தை மறந்துவிடுகிறார்கள். அங்கே ஆய்வு உதவியாளராகச் சேர்ந்து பேராதனையில் பட்டத்துக்குப் பதிவு செய்தவர்கள் நிறையப் பேர். தேயிலை சம்பந்தமான தலைப்பு என்றால் தலவாக்கலையிலுள்ள தேயிலை ஆராய்ச்சி நிறுவகத்தில் கேளுங்கள். ஆய்வு அங்கே நடந்தால் வருடத்தில் பாதிக்கு மேல் நீங்கள் பேராதனையில் இருக்கத் தேவையில்லை, அறை வாடகையும் மிச்சம். அறை பார்க்கும் முன் இதெல்லாம் தெரிந்திருக்க வேண்டும் என்பது இப்போது விளங்கும்.

மூன்றாவது, தற்காலிக விரிவுரையாளர் அல்லது செய்முறை உதவியாளர் வேலை. சம்பளம் நிச்சயம், ஆனால் விடைத்தாளும் ஆய்வுகூட வகுப்பும் உங்கள் ஆய்வு நேரத்தைத் தின்றுவிடும். ஒரு வருடத்துக்கு மேல் இதையே நம்பி இருக்காதீர்கள். ஆசிரியராக இருப்பவர்களுக்குப் பகுதிநேரப் பதிவுதான் பொருத்தம், அதிபர் வழியாகவும் வலயக் கல்வி அலுவலகம் வழியாகவும் எழுத்தில் அனுமதி வாங்கிய பிறகு பதிவு செய்யுங்கள்.

வெளிநாடு என்றால் இந்திய கலாசார உறவுகள் பேரவையின் உதவித்தொகை, பொதுநலவாய உதவித்தொகை, ஜப்பானிய அரசின் மெக்ஸ்ட் ஆகியவை நம்மவர்களுக்கு எட்டக்கூடியவை. பிரித்தானிய அரசின் செவனிங் ஒரு வருட முதுமாணிக்கு மட்டும்தான், 2 வருட வேலை அனுபவம் வேண்டும், முடித்த பிறகு 2 வருடம் நாட்டில் இருக்க வேண்டும். ஆங்கிலத் தேர்ச்சிப் பரீட்சையான ஐஇஎல்டிஎஸ் பெறுபேறு 2 வருடத்துக்குத்தான் செல்லும் என்பதால் விண்ணப்பம் எதற்கு என்று தெரியாமல் அவசரப்பட்டுப் பரீட்சை எழுதிக் காசை வீணாக்காதீர்கள்.

5. விண்ணப்பத்தைப் பின்னாலிருந்து எழுதுங்கள்

எல்லோரும் அறிமுகத்தில் தொடங்குவார்கள். மூன்று வாரம் அதிலேயே போகும், வரவுசெலவைக் கடைசி இரவில் அவசரமாக நிரப்புவார்கள். நான் இப்போது சொல்லிக்கொடுப்பது மறுபக்கம்: முதலில் வரவுசெலவு, பிறகு கால அட்டவணை, பிறகு முறை, பிறகு கேள்வி, கடைசியில் சுருக்கம்.

காரணம் இருக்கிறது. எவ்வளவு காசு, எத்தனை மாதம் என்று எழுதும்போதுதான் உங்கள் ஆய்வு செய்யக்கூடியதா என்பதே உங்களுக்குத் தெரியவரும். பன்னிரண்டு தோட்டங்களில் நேர்காணல் என்று முறையில் எழுதிவிடுவது சுலபம். பஸ் போகாத பிரிவுகளுக்கு ஆட்டோக் கூலி போட்டுப் பார்த்தால் நான்கு தோட்டம்தான் முடியும் என்பது வெளிச்சமாகும்.

வரவுசெலவில் விடுபடுபவை எப்போதும் ஒரே பட்டியல்தான். தமிழ் நேர்காணலைக் கேட்டு எழுதி ஆங்கிலத்துக்கு மாற்றும் செலவு, ஒரு மணி நேரப் பதிவுக்கு ஒரு முழுநாள் வேலை. இறக்குமதி இரசாயனங்களின் விலை டொலரோடு ஏறி இறங்குவது. ஆய்வேட்டைக் கட்டும் செலவு. பிறகு அந்தப் பரீட்சைக் கட்டணம்.

கால அட்டவணையில் விடுபடுவது நெறிமுறைக் குழுவின் அனுமதி. மனிதர்களிடம் தகவல் எடுப்பதானால் அந்த அனுமதி கைக்கு வந்த பிறகுதான் முதல் கேள்வியையே கேட்கலாம். நம் தோட்டம், நம் ஆட்கள், நமக்கு எதற்கு அனுமதி என்று நினைத்து முன்கூட்டியே தகவல் சேர்த்த ஒரு தம்பி, அத்தனையையும் ஒதுக்கிவைத்துவிட்டு மறுபடி தொடங்க வேண்டியதாயிற்று. தோட்ட நிர்வாகத்தின் அனுமதி வேறு. துரைமாருக்கு எழுதும் கடிதத்துக்குப் பதில் வரவும் வாரங்கள் போகும். இரண்டுக்கும் சேர்த்து மூன்று மாதமாவது ஒதுக்குங்கள்.

பரிந்துரைக் கடிதத்தை ஒரு மாதத்துக்கு முன் கேளுங்கள். கேட்கும்போதே உங்கள் பெறுபேறு, முன்மொழிவின் ஒரு பக்கச் சுருக்கம், கடைசித் திகதி, எங்கே அனுப்ப வேண்டும் என்பதையெல்லாம் ஒரே மின்னஞ்சலில் கொடுத்துவிடுங்கள். பத்து நாளுக்கு முன் ஒரு நினைவூட்டல். ஐயாவுக்குத் தொந்தரவு என்று தயங்கி, கடைசித் திகதியைத் தவறவிட்ட தங்கச்சிமார் இருக்கிறார்கள். கேட்பது உங்கள் உரிமை, எழுதுவது அவருடைய வேலையில் ஒரு பகுதி.

6. அனுப்பிய பிறகு வரும் அந்த மாதங்கள்

இதை ஒரு படியாகவே எழுதுகிறேன், ஏனென்றால் பலர் விழுவது இங்கேதான். இரவு ஒரு மணிக்கு எழுந்து மின்னஞ்சலைத் திறந்து பார்ப்பது, ஒவ்வொரு செலவையும் அம்மாவின் நாட்சம்பளத்தில் கணக்குப் போடுவது, கூடப் படித்தவன் வங்கியில் சேர்ந்துவிட்டான் என்று கேட்டதும் வயிறு பிசைவது. இது உங்களுக்கு மட்டும் நடப்பதில்லை, எனக்கும் அப்படித்தான் இருந்தது.

எனக்கு உதவியது, அனுப்பிய அன்றே நோட்டில் ஒரு திகதி எழுதுவது. இந்தத் திகதிக்கு முன் விசாரிக்க மாட்டேன், அன்று காலை ஒரே ஒரு மின்னஞ்சல் அனுப்புவேன். அதே வாரத்தில் அடுத்த விண்ணப்பத்தின் வரவுசெலவைத் தொடங்கிவிடுங்கள். கையில் ஒரே விண்ணப்பம் இருந்தால் அது உயிர் போகிற விஷயமாகிவிடும், மூன்று இருந்தால் ஒன்று விழுந்தாலும் தாங்கலாம்.

வீட்டில் உண்மையான கணக்கைச் சொல்லுங்கள். “கிடைச்சிரும்மா” என்று சொல்லிவிட்டால் ஒவ்வொரு வாரமும் அம்மா கேட்பாள், ஒவ்வொரு வாரமும் நீங்கள் குறுகிப்போவீர்கள். இந்த மாதத்தில் முடிவு வரும், வராமலும் போகலாம், வராவிட்டால் இன்னது செய்வேன் என்று சொன்னால் லயத்தில் இருப்பவர்களுக்கும் புரியும். நாம் நினைப்பதைவிட அவர்கள் திடமானவர்கள்.

நிராகரிப்பு வந்தால் குறிப்புரை கேட்டு வாங்கி, ஏற்கெனவே நிதி வாங்கிய ஒருவரிடம் காட்டித் திருத்தி மறுபடி போடுங்கள். தூக்கம் வாரக்கணக்கில் போனால் பல்கலைக்கழகத்தின் மாணவர் ஆலோசனைப் பிரிவுக்குப் போங்கள், அல்லது தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்துக்கு அழையுங்கள். அதில் வெட்கம் இல்லை.

7. பதிவு

கட்டணத்தைக் கட்டிய வங்கிச் சீட்டின் படம், பதிவுக் கடிதம், மாணவர் அட்டை. மூன்றும் கையில் வந்த பிறகுதான் நூலகம், ஆய்வுகூடம் எல்லாம் திறக்கும். பதிவு தொடங்கும் திகதி கடிதத்தில் என்ன என்று பாருங்கள், வருடாந்தக் கட்டணமும் முன்னேற்ற அறிக்கையும் அதிலிருந்துதான் எண்ணப்படும்.

8. இப்போதுதான் அறை

முதல் பட்டத்தில் விடுதி கிடைத்தது போல இப்போதும் கிடைக்கும் என்று எண்ணி வர வேண்டாம். மேற்படிப்பு மாணவர்களுக்கு இடம் இருக்கிறதா என்று உங்கள் நிறுவகத்தில் பதிவன்றே கேளுங்கள், இருந்தால் பெயரைக் கொடுத்து வையுங்கள். ஆனால் வெளியே போர்டிங் எடுப்பதாகவே கணக்குப் போடுங்கள்.

வாரத்தில் எத்தனை நாள் கெம்பஸில் இருக்க வேண்டும் என்பதை முதலில் எண்ணுங்கள். ஐந்து நாளும் ஆய்வுகூடம் என்றால் கலஹா ரோட், ஹிந்தகல, மீவத்துர பக்கம் நடந்து போகும் தூரத்தில் பாருங்கள், அல்லது ஆற்றுக்கு அந்தப் பக்கம் கன்னொருவ. இரண்டு மூன்று நாள்தான் என்றால் கம்பளையை யோசியுங்கள். ஹட்டனிலிருந்தும் நுவரெலியாவிலிருந்தும் கண்டிக்கு வரும் பஸ்கள் கம்பளையைத் தொட்டுப் பேராதனை வழியாகத்தான் போகின்றன, தமிழ் பேசும் வீடுகளும் அங்கே நிறைய. கண்டி டவுனுக்குள் மட்டும் எடுக்காதீர்கள், காலை நெரிசலில் பஸ் நகராது. பெரஹெரா ஊர்வலம் நடக்கும் ஜூலை, ஆகஸ்ட் நாட்களில் அந்தப் பக்கம் அறை தேடவும் வேண்டாம், வீடு மாறவும் வேண்டாம்.

போனில் விசாரிக்கும்போதே உங்கள் பெயரையும் ஊரையும் சொல்லிவிடுங்கள். நேரில் போய் நின்று, பெயரைக் கேட்டதும் “அறை போய்விட்டது” என்று சொன்ன வீடுகளை நான் கண்டிருக்கிறேன். அந்த வலியோடு பஸ் காசும் போகும். முன்பே சொன்னால் மறுப்பவர் போனிலேயே மறுப்பார், சம்மதிப்பவர் மனதோடு சம்மதிப்பார். எனக்குக் கடைசியில் அறை தந்த சிங்கள அம்மா, நான் காய்ச்சலில் கிடந்தபோது கொத்தமல்லி அவித்துக் கொண்டுவந்து தந்தவர்.

அறையை மழை பெய்த மறுநாள் பாருங்கள். வெயிலில் எல்லா அறையும் நல்ல அறைதான். கட்டில் போடும் உயரத்தில் சுவரைத் தொட்டுப் பாருங்கள், ஈரமாக இருந்தால் நான்கு மாதத்தில் புத்தகத்தில் பூஞ்சணம் பிடிக்கும். வீட்டுக்குப் பின்னால் மண்ணை வெட்டி எடுத்த சரிவு இருக்கிறதா, தாங்குசுவரில் வெடிப்பு இருக்கிறதா, மரங்கள் சாய்ந்து நிற்கின்றனவா, சரிவின் அடியில் புதிதாகத் தண்ணீர் கசிகிறதா என்று நடந்து போய்ப் பாருங்கள். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலின்போது மலைநாட்டில் மண்சரிவு என்ன செய்தது என்று நமக்குத் தெரியும். இவற்றில் ஒன்று இருந்தாலும் வாடகை எவ்வளவு குறைவானாலும் எடுக்காதீர்கள்.

பிறகு கேள்விகள். சமைக்கலாமா, சொந்தமாக காஸ் அடுப்பு வைக்கலாமா? மின்சாரத்துக்குத் தனி மீட்டரா, இல்லை வீட்டு பில்லில் பங்கா? வெளிக்கதவு எத்தனை மணிக்குப் பூட்டுவார்கள்? ஆய்வுகூடத்தில் இரவு எட்டரை வரை நிற்பவருக்கு எட்டு மணிக்குப் பூட்டும் வீடு சரிவராது. பெண் பிள்ளைகள் இருட்டிய பிறகு ஒரு முறை பஸ் நிறுத்தத்திலிருந்து அந்த வீட்டுக்கு நடந்து பாருங்கள், தெருவிளக்கு எங்கே முடிகிறது என்பது பகலில் தெரியாது.

முற்பணம் என்று சொல்லும்போது இரண்டில் எது என்று தெளிவாகக் கேளுங்கள். ஒன்று மாதாமாதம் வாடகையில் கழியும் காசு, மற்றது வீட்டை விடும்போது திருப்பித் தரும் காசு. வாடகை 15,000, ஆறு மாதம் 90,000 என்றால், முதல் வகையில் ஆறு மாதத்துக்கு வாடகை இல்லை. இரண்டாம் வகையில் 90,000 கொடுத்துவிட்டு அடுத்த மாதமும் 15,000 கொடுக்க வேண்டும். இதைக் கேட்காமல் கட்டிவிட்டு இரண்டாம் மாதம் திகைத்து நின்றவர்கள் உண்டு. மூன்று மாத முற்பணத்துக்குப் பேசிப் பாருங்கள், பல வீடுகளில் இறங்கி வருவார்கள். ஒப்பந்தம் சிங்களத்தில் இருந்தால் வாசிக்கத் தெரிந்த ஒருவரைக் கூட்டிப்போய் ஒவ்வொரு வரியும் கேட்டுவிட்டுக் கையொப்பமிடுங்கள், கொடுத்த காசுக்குத் திகதியோடு ரசீது வாங்குங்கள்.

9. முதல் மூன்று மாதம்

சம்பளக் கடிதம் வந்த உடனே காசு வராது. ஒப்பந்தம், வங்கி விவரம், பல கையொப்பங்கள் என்று முதல் கொடுப்பனவு இரண்டு மூன்று மாதம் தள்ளிப்போவது வழமை. அதனால் முற்பணம் போக மூன்று மாதச் சாப்பாட்டுக்கும் பஸ்ஸுக்கும் கையில் இருந்தால்தான் அறைக்கு மாறுங்கள். இல்லாவிட்டால் அதுவரை வீட்டிலிருந்து தேவையான நாட்களுக்கு மட்டும் வந்து போங்கள், அல்லது தெரிந்த அக்காவின் அறையில் வாடகையைப் பங்கு போட்டு இருங்கள்.

செலவு செய்த ஒவ்வொரு ரசீதையும் அன்றே படம் எடுத்து வையுங்கள், ஆட்டோக்காரரிடமும் ஒரு துண்டில் எழுதி வாங்குங்கள். திட்டக் காசைத் திரும்பப் பெற அது வேண்டும், வெப்பத்தில் அச்சான ரசீது சில மாதத்தில் வெள்ளைத் தாளாகிவிடும். நான் ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வைத்து, மாதக் கடைசி ஞாயிறு உட்கார்ந்து பிரிக்கிறேன்.